இர்சாவின் 'மோஸ்ட்' தேடல் வசதி: வால்நட்சத்திரத் தூசுக்குக் கணக்குப் போடுபவரின் மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகான வால்நட்சத்திரப் படம் வேண்டும் என்று இங்கே போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். சாம்பல் நிறப் பின்னணி, நடுவில் மங்கலாக ஒரு திட்டு, அவ்வளவுதான். வால்நட்சத்திரத்தை நெருங்கும் விண்கலத்தின் மேல் எவ்வளவு தூசு வந்து அடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் கிறுக்கு உங்களுக்கு உண்டென்றால், காசு கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காத சரக்கு இங்கே சும்மாவே கிடைக்கிறது.

இர்சா என்பது கலிபோர்னியாவின் பாசடீனாவில், கால்டெக்கைச் சேர்ந்த ஐபேக் மையம் நாசாவுக்காக நடத்தும் அகச்சிவப்பு வானியல் தரவுக் காப்பகம். 1983-இல் பறந்த ஐராஸ் தொடங்கி ஸ்பிட்சர், வைஸ், நியோவைஸ் என்று வந்து, 2025 மார்ச்சில் ஏவிய ஸ்ஃபியர்எக்ஸ் வரை எல்லா அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவும் அதில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. லாகின்கூட வேண்டாம். அதிலுள்ள 'மோஸ்ட்' என்ற தேடல் வசதியைத்தான் எங்கள் முதுகலை மாணவர்களின் புராஜெக்டுகளுக்காகப் பயன்படுத்துகிறேன். தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் துறையின் தொலைநோக்கி மொட்டைமாடி அறையில் துணி போர்த்தி நிற்கிறது. நிலாவுக்கும் வியாழனுக்கும் மட்டும் வெளியே வரும். அகச்சிவப்பு எல்லாம் அதற்கு எட்டாத விஷயம்.

மோஸ்ட் செய்யும் வேலை என்ன? சாதாரணமாக இப்படிப்பட்ட காப்பகங்களில் வானத்தின் ஓர் இடத்தைச் சொன்னால் அந்த இடத்தின் படங்களைக் கொடுப்பார்கள். வால்நட்சத்திரம் ஓரிடத்தில் நிற்காதே. நேற்று ஓர் இடம், இன்று இன்னோர் இடம். மோஸ்டில் நீங்கள் பெயரைக் கொடுத்தால் போதும். அதன் சுற்றுப்பாதையை வைத்து ஒவ்வொரு நேரத்திலும் அது எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த நேரத்தில் செயற்கைக்கோள் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததா என்று ஒப்பிட்டு, பொருந்தும் படங்களைப் பட்டியல் போட்டுத் தருகிறது. கூடவே ஒவ்வொரு படத்துக்கும் சூரியனிலிருந்து தூரம், நம்மிடமிருந்து தூரம், ஒளி விழும் கோணம் எல்லாம் வரிசையாக வந்துவிடும். பெயர் இல்லாத புதுப் பொருள் என்றால் சுற்றுப்பாதை எண்களை நாமே உள்ளிடலாம். யாரோ வேறு எதற்கோ எடுத்த படத்தில் நம் வால்நட்சத்திரம் தற்செயலாக விழுந்திருக்கிறதா என்று தேடுவதற்கு இதைவிட வசதியாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. கட்டணம் கட்டி வாங்கிய ஒரு கைபேசிச் செயலி எனக்கு ஒரு வால்நட்சத்திரத்தைத் தொடுவானத்துக்குக் கீழே காட்டி, 'இன்றிரவு பார்க்க உகந்தது' என்றது. அதை விடுங்கள்.

போன ஆண்டு ஒரு மாணவிக்கு 103பி/ஹார்ட்லி 2 என்ற வால்நட்சத்திரத்தைக் கொடுத்தேன். காரணம் இருக்கிறது. டீப் இம்பாக்ட் விண்கலம் 2005-இல் டெம்பல் 1 என்ற வால்நட்சத்திரத்தின் மேல் ஒரு மோதுகலத்தை இறக்கிய பிறகு எரிபொருள் மிச்சமிருந்தது. அதை இன்னொரு வால்நட்சத்திரத்துக்கு அனுப்பலாம் என்று முடிவானது. முதலில் குறித்த இலக்கு 85பி/போதின். அது திரும்பி வர வேண்டிய சமயத்தில் தேடினால் ஆளையே காணோம். அதனால் 2007 கடைசியில் ஹார்ட்லி 2-க்கு மாற்றினார்கள். 2010 நவம்பர் 4 அன்று விண்கலம் அதை 694 கிலோமீட்டர் தூரத்தில், விநாடிக்கு 12.3 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு, மே மாதத்தில், வைஸ் தன் வழக்கமான வான் ஆய்வின் நடுவே இதே வால்நட்சத்திரத்தைப் படம் எடுத்திருந்தது. அப்போது அது சூரியனிலிருந்து 2.3 வானியல் அலகு தள்ளி இருந்தது (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரி தூரம்தான் ஒரு வானியல் அலகு). விண்கலம் போவதற்கு முன்பே தூசு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது.

தேதியை 2010 மே என்று குறுக்கிப் பெயரைக் கொடுத்ததும் பட்டியல் வந்தது. வைஸ் பூமியை 95 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றியது. ஒரு பொருளை ஒரு முறை கடக்கும்போது ஒன்றரை நாளில் பத்துப் பன்னிரண்டு முறை படம் பிடித்துவிடும். ஒவ்வொரு முறையும் 3.4, 4.6, 12, 22 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று நான்கு அலைநீளங்களில் நான்கு படங்கள். மாணவி முதலில் 3.4 மைக்ரான் படத்தைத் திறந்தாள். நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. இதில் வால்நட்சத்திரத்தை எங்கே போய்த் தேடுவது? அடுத்து 22 மைக்ரானைத் திறந்தாள். "மேடம், நட்சத்திரம் எல்லாம் எங்கே போச்சு?" என்றாள்.

எங்கேயும் போகவில்லை. நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எரிபவை. அவற்றின் ஒளி குறைந்த அலைநீளங்களில்தான் அதிகம், 22 மைக்ரானில் பெரும்பாலானவை மங்கிப்போகும். தூசு அப்படியில்லை. சூரியனிலிருந்து 1 வானியல் அலகு தூரத்தில் ஒரு கறுப்புத் துகளின் வெப்பநிலை சுமார் 278 கெல்வின். தூரம் கூடக் கூட அதன் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். 2.3 அலகில் 183 கெல்வின் வரும். அந்த வெப்பநிலையில் ஒரு பொருள் அதிகமாக வெளிவிடும் அலைநீளம் 16 மைக்ரானுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது வைஸின் 12-க்கும் 22-க்கும் நடுவில். நட்சத்திரக் கூட்டம் விலகிவிட, தூசு மட்டும் அந்தப் படத்தில் பளிச்சென்று நிற்கிறது. சூடு கூடக் கூட அதிகம் ஒளிரும் அலைநீளம் குறையும் என்ற வீனின் விதியைப் பத்து வருடம் கரும்பலகையில் எழுதியதைவிட அந்த ஒரு படத்தைக் காட்டியது நன்றாக வேலை செய்தது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பொருளின் பிரகாசம் அதன் பரப்பையும், அது எத்தனை சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கி வருவது. சின்ன வெள்ளைப் பொருளும் பெரிய கரிக்கட்டையும் ஒரே அளவு பிரகாசமாகத் தெரியலாம். அகச்சிவப்பில் அந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். வாங்கிய சூட்டைத்தான் அது திருப்பி வெளிவிடுகிறது, ஆகவே பரப்பு நேராகவே கைக்கு வரும். 2008 ஆகஸ்டில் ஸ்பிட்சர் ஹார்ட்லி 2-வின் கருவை, அதாவது நடுவிலுள்ள திடமான பகுதியை, 22 மைக்ரானில் அளந்தபோது அதன் சராசரி ஆரம் 0.57 கிலோமீட்டர், ஒளி திருப்பும் திறன் வெறும் 2.8 சதவீதம் என்று வந்தது. அப்போது வால்நட்சத்திரம் வியாழனின் பாதையைத் தாண்டி இருந்தது. இரண்டு வருடம் கழித்து விண்கலம் கிட்டே போய்ப் படம் எடுத்ததிலிருந்து கிடைத்த ஆரம் 0.58 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு தொலைநோக்கி சொன்ன எண் இப்படிப் பொருந்தும் என்று என்னிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டேன். கருவின் அளவு தெரியாமல் விண்கலக் கேமராவை எங்கே திருப்புவது, எத்தனை நேரம் திறந்து வைப்பது என்று திட்டமிட முடியாது.

ஸ்பிட்சர் தரவும் இதே இர்சாவில்தான் இருக்கிறது. அதற்கென்று உள்ள தனிப் பக்கத்தில் வால்நட்சத்திரத்தின் அடையாள எண்ணைக் கொடுத்துத் தேடலாம்.

சரி, இதில் குறை இல்லையா? உண்டு. ஆனால் பெரும்பாலும் இர்சாவின் குறை என்று சொல்ல முடியாதவை. தெரியாமல் போனால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைஸ் பல படங்களை அடுக்கிச் சேர்த்த 'அட்லஸ்' படங்களும் அங்கே கிடைக்கும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். வால்நட்சத்திரத்துக்கு அவை உதவாது. அடுக்கும்போது ஒரு படத்தில் இருந்து அடுத்த படத்தில் இல்லாமல் போகும் எதையும் குப்பை என்று கருதிக் கழித்துவிடும் முறை அது. நகரும் பொருள்தான் முதல் பலி. ஒற்றைப் படங்களைத்தான் எடுக்க வேண்டும். எடுத்து, ஒவ்வொன்றிலும் வால்நட்சத்திரம் இருக்கும் இடத்தை நடுவில் வைத்து நகர்த்தி, நாமே அடுக்க வேண்டும். அப்படி அடுக்கும்போது நட்சத்திரங்கள்தான் கோடுகளாக இழுபடும்.

அப்புறம் அட்டவணையில் வரும் பிரகாச எண்கள். அவை எல்லாப் பொருளையும் நட்சத்திரம்போல ஒரு புள்ளி என்று வைத்து அளந்தவை. புகைபோலப் பரந்து கிடக்கும் வால்நட்சத்திரத்துக்கு அந்த எண் குறைவாகவே வரும். படத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே இருக்கும் ஒளியைக் கூட்டிக்கொள்வதுதான் சரியான வழி. அதற்குத் தேவையான சீரமைப்பு எண் ஃபிட்ஸ் கோப்பின் (வானியல் படங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) தலைப்பகுதியிலேயே இருக்கிறது.

மூன்றாவது பொறி 4.6 மைக்ரான். அந்த அலைநீளத்தில் தூசு மட்டும் ஒளிர்வதில்லை. கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஒளிரும். 2010-இல் மற்ற மூன்று அலைநீளங்களும் கையில் இருந்ததால் தூசின் பங்கைக் கழித்துவிட்டு வாயுவைப் பிரித்தெடுக்க முடிந்தது. கருவியைக் குளிர்விக்க வைஸில் வைத்திருந்த உறைந்த ஹைட்ரஜன் அந்த ஆண்டே தீர்ந்துபோனது. 2013 டிசம்பரில் நியோவைஸ் என்ற பெயரில் மறுபடி எழுப்பியபோது 3.4-ம் 4.6-ம் மட்டும்தான் மிச்சம். ஆகவே தூசு பற்றி உருப்படியாகக் கணக்குப் போட வேண்டுமானால் 2010 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரையிலான நாட்களில் உங்கள் வால்நட்சத்திரம் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்கியிருந்தால் அதிர்ஷ்டம்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், இந்தப் படங்கள் எதைக் காட்டுவதில்லை என்பது. விண்கலத்தைக் கொல்வது புகைபோன்ற நுண்தூசு அல்ல, மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள்கள். எண்ணிக்கையில் அவை குறைவு; வால்நட்சத்திரத் தலையின் ஒளியில் அவற்றின் பங்கை நேராகப் பிரித்துப் பார்க்க முடியாது. பெரும்பாலும் நுண்தூசுதான் கண்ணில் படுகிறது. அதிலிருந்து பெருந்துகள் எத்தனை இருக்கும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஊகத்தில் பத்து மடங்கு தவறினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலத்தின் கதை இதற்கு உதாரணம். 1986 மார்ச் 14 அன்று அது ஹாலி வால்நட்சத்திரத்தின் கருவை 596 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. வேகம் விநாடிக்கு 68 கிலோமீட்டர். ஒரு மில்லிகிராம் துகள் அந்த வேகத்தில் மோதினால் 2,300 ஜூல் ஆற்றல் வரும், ராணுவத் துப்பாக்கிக் குண்டின் கணக்கு. அதற்காக முன்பக்கத்தில் 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, இடையில் வெற்றிடம், பின்னால் தடித்த கெவ்லர் (குண்டு துளைக்காத உடைகளில் வரும் இழை) என்று இரட்டைக் கவசம் கட்டியிருந்தார்கள். வானியலாளர் ஃப்ரெட் விப்பிள் 1940-களிலேயே சொன்ன யோசனை அது: முதல் தகட்டில் மோதும் துகள் ஆவியாகிப் பரவிவிடும், இரண்டாவது சுவர் அந்தப் பரவிய அடியைத் தாங்கிக்கொள்ளும். கரு எங்கே இருக்கிறது என்பதும் சரியாகத் தெரியாது, தூசு அதை மூடியிருந்தது. சில நாள் முன்னால் போன சோவியத்தின் வேகா கலங்கள் இரண்டும் எடுத்த படங்களையும், அந்தக் கலங்களை அமெரிக்க ஆன்டெனாக்கள் துல்லியமாகப் பின்தொடர்ந்ததையும் சேர்த்துத்தான் ஜியோட்டோவுக்கு வழி குறித்தார்கள். பனிப்போர்க் காலத்தில் நடந்தது இது. அப்படியும் மிக நெருங்குவதற்குச் சில விநாடி முன்பு ஒரு பெரிய துகள் அடித்ததில் கலம் தள்ளாடி, சுமார் அரை மணி நேரம் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. கேமரா போனது போனதுதான். 2004-இல் வைல்ட் 2 என்ற வால்நட்சத்திரத்தைக் கடந்த ஸ்டார்டஸ்ட் கலத்தின் வேகம் விநாடிக்கு 6.1 கிலோமீட்டர், அதே ஒரு மில்லிகிராமுக்கு 19 ஜூல்கூட வராது. அதனால்தான் அந்தக் கலத்தால் ஏரோஜெல் என்ற மிக லேசான நுரைபோன்ற பொருளில் தூசைப் பிடித்துப் பூமிக்கே கொண்டுவர முடிந்தது. தூசு எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னால் எந்த வேகத்தில் போகிறோம் என்று கேட்க வேண்டும். என் மாணவர்கள் வருடா வருடம் இதைத் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள்.

இந்தப் படங்களில் பெருந்துகள்களை நேரடியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. அவை கனமானவை என்பதால் சூரிய ஒளியின் அழுத்தம் அவற்றை வால் பக்கம் தள்ளிவிடுவதில்லை. வால்நட்சத்திரத்தின் பாதையிலேயே முன்னும் பின்னும் மெல்லிய கோடாக நின்றுவிடுகின்றன. தூசுத்தடம் என்று இதைச் சொல்கிறோம். ஐராஸ் தரவில் மார்க் சைக்ஸும் மற்றவர்களும் இதைக் கண்டுபிடித்து 1986-இல் வெளியிட்டார்கள். பிறகு ஸ்பிட்சர் 24 மைக்ரானில் 34 வால்நட்சத்திரங்களைப் பார்த்ததில் 27-க்குத் தடம் இருந்தது. வைஸ் படத்தில் ஹார்ட்லி 2-க்கும் தடம் உண்டு. எங்கள் அடுக்கலில் அது வருமா என்று மாணவி மூன்று வாரம் போராடினாள். படத்தின் மாறுபாட்டை ஏற்றி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு மெல்லிய சாய்வுக்கோடு தெரிந்த மாதிரி இருந்தது. தேர்வாளர் ஏற்றுக்கொண்டார். எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நம்மவர்களுக்கு நேரடியாகத் தலைவலி கொடுத்த தூசு ஒன்று உண்டு. 2013 ஜனவரியில் கண்டுபிடித்த சைடிங் ஸ்பிரிங் வால்நட்சத்திரம் 2014 அக்டோபர் 19 அன்று செவ்வாயை ஏறக்குறைய 1,40,000 கிலோமீட்டர் தூரத்தில் கடக்கும் என்று தெரிந்தது. நமக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. வேகம் விநாடிக்கு 56 கிலோமீட்டர். மங்கள்யான் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 24. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இது! நியோவைஸ் 2014 ஜனவரியிலேயே அந்த வால்நட்சத்திரத்தைப் படம் பிடித்திருந்தது. வேறு தொலைநோக்கிகளின் அளவீடுகளும் சேர்ந்து, முதலில் பயந்த அளவுக்குத் தூசு வராது என்று மாதிரிகள் காட்டின. செவ்வாய் வரை வரக்கூடியவை எப்போதோ மெதுவாகக் கிளம்பிய மில்லிமீட்டர் அளவுத் துகள்கள்தான். அவையும் வால்நட்சத்திரம் நெருங்கிப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து, சுமார் 20 நிமிடம் மட்டும் வரும் என்று கணக்கு வந்தது. அந்த 20 நிமிடம் செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த கலங்கள் அதன் மறுபக்கத்தில் இருக்கும்படி நேரத்தைச் சரிசெய்தார்கள். இஸ்ரோவும் மங்கள்யானுக்கு அதையே செய்தது. ஒன்றுக்கும் சேதமில்லை. இந்தப் புராஜெக்டை எடுக்கிறேன் என்று இரண்டு பையன்கள் இந்த வருடம் கேட்டு வந்திருக்கிறார்கள். நியோவைஸின் இரண்டு அலைநீளங்களை மட்டும் வைத்துக்கொண்டு படப்போகும் பாட்டைச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், புதிதாக வருபவருக்கு எந்தப் படத்தைத் தொடக்கூடாது என்பதைப் பக்கம் பக்கமான விளக்கக் குறிப்பிலிருந்து நாமே பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. குறிப்பில் எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதைப் படிக்கிற பொறுமை இருபத்திரண்டு வயதுக்கு வராது.

நியோவைஸ் 2024 ஜூலை கடைசியில் ஆய்வை நிறுத்தி, நவம்பரில் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துவிட்டது. அந்தப் பக்கம் இனி புதுச் சரக்கு வராது. ஆனால் ஐரோப்பாவின் காமெட் இன்டர்செப்டர் 2029-இல் கிளம்பத் திட்டம். அது இலக்கு எது என்றே தெரியாமல் விண்வெளியில் போய்க் காத்திருக்கப் போகிறது. சூரியனுக்கு முதல் முறையாக வரும் புது வால்நட்சத்திரம் ஒன்று சிக்கியதும் கிளம்பும். முக்கியக் கலம் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுகொள்ள, இரண்டு சிறு கலங்கள் உள்ளே போகும். வேகம் விநாடிக்கு 10 கிலோமீட்டரா 70 கிலோமீட்டரா என்பதும் வால்நட்சத்திரத்தைப் பொறுத்தது. அப்படி வருவது எவ்வளவு தூசு கக்கும் என்பதற்கு இதுவரை வந்துபோன நெடுங்கால வால்நட்சத்திரங்களின் (சூரியனைச் சுற்ற 200 ஆண்டுக்கு மேல் எடுப்பவை) அகச்சிவப்பு அளவீடுகளைத்தானே புரட்ட வேண்டும். குறுக்களவு ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்படிப்பட்டவை முன்பு நினைத்ததைவிட ஏழு மடங்கு அதிகம் என்று 2017-இல் சொன்னதும் இதே வைஸ் தரவுதான்.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு: 103பி-யில் தொடங்குங்கள், தேதியை 2010 மே மாதத்துக்குள் குறுக்குங்கள். ஒரு படம் 4 எம்பி, 22 மைக்ரான் படம் மட்டும் 1 எம்பி. ஒரு கடப்புக்கு எல்லாம் சேர்த்து 160 எம்பி வரும், கைபேசி ஹாட்ஸ்பாட்டே தாங்கும். பிழைக் கோப்புகளையும் (ஒவ்வொரு புள்ளியின் அளவும் எவ்வளவு தவறலாம் என்று சொல்பவை) மறைப்புக் கோப்புகளையும் (கெட்டுப்போன புள்ளிகளைக் குறிப்பவை) சேர்த்தே இறக்கிவிடுங்கள். அவை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த மாணவர்கள் எல்லாரும் தேர்வுக்கு முந்தின வாரம் அவற்றைத் தேடித்தான் மறுபடி அங்கே போயிருக்கிறார்கள்.